பழைய பொக்லைனும் ஹைட்ராலிக் ஆயில் வெப்பச் சென்சாரும்: அவரவர் கண்ட அனுபவங்கள்

சேர்வராயன் டிரைவர்

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துக்குப் பாதை வெட்ட, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஏழு டன் பொக்லைனை லாரியில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் கடந்து கொண்டுபோயிருந்தோம். மார்கழி மாதத்துக் காலையில் இன்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, மானிட்டரின் சர்வீஸ் பக்கத்தைத் திறந்தேன். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) 14 டிகிரி என்றும் ஹைட்ராலிக் ஆயில் 62 டிகிரி என்றும் காட்டியது. இறங்கிப் போய் ஆயில் டேங்கைத் தொட்டால், அதன் மேல் பனித்துளிகள் நின்றன. இரும்பு சில்லென்று இருந்தது. மதியம் பாறையைத் தோண்டும்போதும் அதே 62, மாலையிலும் அதே 62.

டேங்குக்குப் பின்னால் போகும் வயர் கட்டைப் பிரித்தபோது, கறுப்பு டேப்புக்கு அடியில், ரேடியோ கடையில் கிடைக்கும், மின்தடை மாறாத சாதாரண ரெசிஸ்டர் ஒன்று இரண்டு வயர்களுக்கும் நடுவே பற்றவைக்கப்பட்டிருந்தது. சென்சாரோ தன் இடத்தில் ஒழுங்காகத் திருகப்பட்டு, எதனோடும் இணைக்கப்படாமல் இருந்தது. எந்த உரிமையாளரின் காலத்து வேலை என்று இதுவரை தெரியவில்லை.

சங்ககிரி எலக்ட்ரீஷியன்

இப்படி ரெசிஸ்டர் வைத்த வண்டியை நானும் பார்த்திருக்கிறேன். அதன் கதையும் இதுவேதான் என்பதால் விவரிக்கவில்லை. ஆனால் வைத்தவரைத் திட்டுவதோடு நிறுத்திவிடக் கூடாது. சூட்டு அலாரத்தை அடக்கத்தான் இப்படி வைப்பார்கள்; அந்த அலாரம் ஏன் அடித்தது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

யாரும் கேட்காவிட்டாலும் சோதிக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சென்சார்களில் பெரும்பாலானவை சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகையைச் சேர்ந்தவை. கன்ட்ரோலர் ஒரு வயரில் 5 வோல்ட்டை உள் ரெசிஸ்டர் வழியாக அனுப்பி, சென்சாரில் நிற்கும் வோல்ட்டேஜை வைத்து வெப்பத்தைக் கணக்கிடுகிறது. ஆகவே வயர் அறுந்தால் 5 வோல்ட்டுக்கு அருகில் நின்று மிகக் குளிர்ந்த ஆயில் போலவும், அதே வயர் பாடியில் உரசி ஆர்த் ஆனால் 0 வோல்ட்டுக்கு இறங்கி மிகச் சூடான ஆயில் போலவும் தோன்றும். கனெக்டரைக் கழற்றினால் மானிட்டர் கீழ் எல்லைக்கும், வயர் பக்கத்துப் பின்கள் இரண்டையும் சிறு கம்பியால் இணைத்தால் மேல் எல்லைக்கும் போகவேண்டும்; சில மாடல்களில் எண்ணுக்குப் பதிலாகக் கோளாறுக் குறியீடு வரும். இரண்டுக்கும் மானிட்டர் அசைந்தால் வயரிங்கும் கன்ட்ரோலரும் சரி, சென்சாரையே சந்தேகிக்கலாம். அசையாவிட்டால் புதுச் சென்சார் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். சென்சாரைக் கழற்றுமுன் டேங்கின் அழுத்தத்தை ப்ரீதர் (டேங்கின் காற்றுத் துவாரம்) வழியாக வெளியேற்றிவிடுங்கள். பிறகு அதை ஐஸ் தண்ணீரிலும் கொதிக்கும் தண்ணீரிலும் வைத்து, 0 டிகிரியிலும் 100 டிகிரியிலும் ஓம் அளவை எடுத்து, அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் அட்டவணையோடு ஒப்பிடலாம்.

வெள்ளைக்கல் ஆப்பரேட்டர்

எல்லோரும் சென்சாரையே குற்றவாளி ஆக்குவதால் இதை எழுதுகிறேன். செட்டிச்சாவடி பக்கம் மேக்னசைட் வெட்டும் இடத்தில், பிரேக்கர் (பாறை உடைக்கும் சுத்தியல்) மாட்டிய பழைய வண்டி ஒன்றை ஓட்டினேன். சித்திரை வெயிலில் முற்பகலிலேயே ஹைட்ராலிக் ஆயில் 97 டிகிரி காட்டி, அலாரம் அடித்து, இன்ஜின் வேகமும் தானாகக் குறைந்துவிடும். உரிமையாளர் புதுச் சென்சார் மாட்டினார். எண் கொஞ்சமும் மாறவில்லை. வயரிங் போய்விட்டது என்று மெக்கானிக் அதையும் பிரிக்கத் தொடங்கினார்.

நான் கைபேசி விளக்கை ஆயில் கூலருக்குப் பின்னால் பிடித்தேன். முன்பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை. கூலருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் கல் மாவு ஆயில் கசிவோடு சேர்ந்து சுவர்ப் பூச்சு போல இறுகியிருந்தது. பழைய சென்சாரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. சங்ககிரி அண்ணா வயரிலிருந்து தொடங்குகிறார். குவாரி வண்டி என்றால் முதலில் வெப்பமானியால் டேங்கைப் பார்த்துவிட்டுத்தான் வயரைத் தொடவேண்டும் என்பேன்.

சங்ககிரி எலக்ட்ரீஷியன்

வெப்பமானி என்று நீங்கள் சொல்வது துப்பாக்கி வடிவ இன்ஃப்ராரெட் கருவி என்றால், அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பளபளக்கும் பைப்பில் பிடித்தால் உண்மை வெப்பத்தைவிடக் குறைவாகவே காட்டும். பெயின்ட் அடித்த பரப்பிலோ, கறுப்பு டேப் ஒட்டிய இடத்திலோ பிடிக்கவேண்டும். கூலருக்குள் போகும் ஹோஸிலும் வெளிவரும் ஹோஸிலும் அளவு வேறுபடும் என்பதால், சென்சார் இருக்கும் இடத்துக்கு அருகிலேயே அளக்கவேண்டும்.

தோட்டத்து மெக்கானிக்

ஒரு திருத்தம் மட்டும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே சேலத்தில் போல அதை 100 என்று வைத்துக்கொண்டு அட்டவணையைப் பார்த்தால், நல்ல சென்சாரையும் கெட்டது என்று தள்ளிவிடுவீர்கள்.

மேட்டூர் ரோடு

என் வண்டியில் இடதுபக்கம் சுழற்றும்போது மட்டும் எண் உச்சத்துக்குத் தாவி அலாரம் அடிக்கும், வலதுபக்கம் திருப்பினால் அடங்கிவிடும். நிறுத்தி வைத்துச் சோதித்தால் சென்சார், கனெக்டர் எல்லாம் சரியாகவே இருந்தன. கடைசியில் என் தம்பி மெதுவாக வண்டியைச் சுழற்ற, நான் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வயர் கட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பம்பிலிருந்து வரும் ஹோஸ் அழுத்தம் ஏறியதும் துள்ளி, வயர் கட்டை ஒரு பிராக்கெட் விளிம்பில் தேய்த்தது. மேலுறை கிழிந்து செம்புக் கம்பி தெரிந்தது. ஓடும் நிலையில் பார்க்காமல் இதைக் கண்டுபிடித்திருக்க வழியில்லை.

சேர்வராயன் டிரைவர்

தோட்டத்து மெக்கானிக் சொன்னபடி 95 என்றே கணக்கில் எடுத்துச் சோதித்தோம். என் வண்டியின் பழைய சென்சார் அட்டவணையோடு ஒத்துப்போனது. ரெசிஸ்டரை நீக்கி அதையே இணைத்தவுடன் காலையில் கூலன்டும் ஆயிலும் ஒரே அளவில் நின்றன. பழைய வண்டி வாங்குபவர்கள் இரவு முழுவதும் ஓடாமல் நின்ற நிலையில் இந்த இரண்டு எண்களையும் பார்ப்பது நல்லது. ஆகவே வண்டியைச் சூடாக்கி வைத்துக்கொண்டு காட்ட அழைக்கும் வியாபாரியிடம் மறுநாள் விடியற்காலையில் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

ஆனால் மேட்டில் வேலை செய்தபோது அதே நாள் மதியம் 94 வரை ஏறிவிட்டது. ஃபேன் பெல்ட் தளர்ந்து, உட்புறம் கண்ணாடிபோல வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. மாற்றிய பிறகு 78-க்கு மேல் போகவில்லை. இத்தனை காலம் அந்தச் சூட்டில் நீர்த்த ஆயிலோடு பம்ப் ஓடியிருப்பதால், அதன் கேஸ் டிரெய்ன் கசிவு (பம்புக்குள் கசிந்து டேங்குக்குத் திரும்பும் ஆயில்) அளவை எடுத்துத் தரச் சேலத்தில் சொல்லியிருக்கிறேன். கிடைத்ததும் இங்கே எழுதுகிறேன்.