மறு: ‘டொமஸ்டிகேஷன்’ கோட்பாட்டுக்குத் தமிழ்ச்சொல் – ‘பழகமைவு’ ஒத்துவருமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

புதிய கருவிகள் அன்றாட வாழ்வில் எப்படிக் கலக்கின்றன என்று விளக்கும் ‘டொமஸ்டிகேஷன்’ கோட்பாட்டின் பெயருக்கு இந்த இழையில் இதுவரை இல்வயமாக்கம், கொல்லைப்படுத்தல், பழக்கப்படுத்தல், புழக்கமாதல் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான்கையும் ஆய்வுப் பத்திகளில் இட்டு வாசித்துப் பார்த்தேன். என் முன்மொழிவு ‘பழகமைவு’.

இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கோட்பாட்டைப் பற்றி ஒரு பத்தி. ரோஜர் சில்வர்ஸ்டோன், எரிக் ஹிர்ஷ், டேவிட் மோர்லி மூவரும் 1992இல் எழுதிய கட்டுரைதான் இதற்கு அடித்தளம். ஒரு கருவியை எத்தனை பேர் வாங்கினார்கள், எவ்வளவு வேகமாகப் பரவியது என்று கேட்பது ஒரு வகை ஆய்வு. வாங்கி உள்ளே கொண்டுவந்த பிறகு என்ன நடக்கிறது என்று இவர்கள் கேட்டார்கள். அதை எங்கே வைப்பது, யார் எப்போது தொடலாம், பிள்ளைகளுக்கு எவ்வளவு நேரம், விருந்தினர் வந்தால் அணைக்க வேண்டுமா? ஒவ்வொரு குடும்பத்துக்கும் சரி, தவறு பற்றிய ஒரு கணக்கு உண்டு. இல்லத்தின் அறப்பொருளாதாரம் என்றே அதற்குப் பெயரிட்டார்கள். அந்தக் கணக்குக்குள் கருவி வந்து சேரும்போது கருவியின் பொருளும் மாறுகிறது, குடும்பத்தின் நடப்பும் மாறுகிறது.

> உயிரியலில் ஏற்கெனவே சொல் இருக்கிறது. கொல்லைப்படுத்தல் என்பதையே இங்கும் எடுத்துக்கொண்டால் என்ன?

ஐயா, காட்டு விலங்கை வசப்படுத்துவது என்ற உருவகத்திலிருந்துதான் மூலச்சொல் வந்தது, உண்மை. ஆனால் கோட்பாட்டின் உயிர் அந்த உருவகத்தில் இல்லை, இரு பக்கமும் மாறுகின்றன என்பதில் இருக்கிறது. கொல்லைப்படுத்தல் என்றதும் மனிதர் வசப்படுத்துபவராகவும் கருவி வசப்படுவதாகவும் மட்டுமே தோன்றுகிறது.

தொலைபேசியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அது பரவிய வரலாற்றை ஆராய்ந்தவர் கிளாட் ஃபிஷர். தொடக்ககால நிறுவனங்கள் அதை வணிகத்துக்கும் அவசரத்துக்கும் உரிய கருவியாகவே விற்றன. நெடுநேரம் நலம் விசாரிப்பதை வீண்பேச்சு என்று பார்த்தன. மக்கள், அதிலும் பெண்கள், நட்பையும் உறவையும் பேண அதைத் தங்கள் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். 1920களின் பிற்பகுதியில்தான் விளம்பரங்கள் அந்த வழிக்கு வந்தன. இங்கே மனிதர் கருவியை இழுத்தார்கள். இப்போது செய்திச் செயலிகளில் ‘படித்துவிட்டார்’ என்று காட்டும் குறியைப் பாருங்கள். ஒரு மடலுக்கு மூன்று நாள் கழித்துப் பதில் போட்டால் யாரும் வருந்தாத காலம் இருந்தது. அந்தக் குறி வந்த பிறகு, அரை மணி நேர மௌனத்துக்கே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே கருவி மனிதரை இழுக்கிறது. இரண்டு இழுப்பையும் தாங்குகிற சொல்தான் நமக்கு வேண்டும்.

> இல்வயமாக்கம் நேராகவும் அழகாகவும் இருக்கிறது. ஏன் தேடிக்கொண்டே இருக்க வேண்டும்?

அழகான சொல்தான் அம்மா, மறுக்கவில்லை. தொலைக்காட்சியும் மேசைக் கணினியும் கூடத்தில் ஓரிடத்தில் அசையாமல் நின்ற காலத்துக்கு அது அப்படியே பொருந்தியிருக்கும். கைபேசி வாசலைத் தாண்டிப் போய்விட்டது. கோட்பாடும் கூடவே போனது: மெரேட்டே லீ, குனுட் சோரன்சென் ஆகிய நார்வே ஆய்வாளர்கள் 1996லேயே வீட்டுக்கு வெளியே உள்ள அன்றாட வாழ்வுக்கும் இதை விரித்துவிட்டார்கள். பொருள் கொண்டுசேர்க்கும் தொழிலாளி வழிகாட்டும் செயலியோடு எப்படி ஒத்துப்போகிறார், எங்கே அதன் சொல்லை மீறுகிறார் என்று ஒருவர் ஆராய்ந்தால், அதை ‘இல்’வயமாக்கம் என்று எப்படி எழுதுவார்? தலைப்பிலேயே தடுமாற வேண்டியிருக்கும்.

பழக்கப்படுத்தல் உளவியலில் வேறொரு கருத்துக்கு ஏற்கெனவே வேலை செய்கிறது. அதை இதிலும் இழுத்தால் இரு துறை மாணவர்களும் குழம்புவார்கள்.

புழக்கமாதல் எனக்கு மிகவும் பிடித்த சொல். நாட்டார் வழக்காற்றியலில் ‘புழங்குபொருள் பண்பாடு’ என்று ஒரு துறையே நம்மிடம் இருப்பதால், அதன் பக்கத்தில் உட்காரும் சொல் கிடைத்தால் நல்லது என்று நானும் நினைத்தேன். ஆனால் ஒரு பொருள் ஊரெங்கும் புழக்கத்தில் இருந்தும் ஒருவர் வாழ்வில் ஒட்டாமல் போகலாம். இணையத்தைக் கொஞ்ச காலம் பயன்படுத்திவிட்டுத் தாமாகவே விலகியவர்களைப் பற்றி ஆய்வாளர் சாலி வையட் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர்களைப் பேசும்போது ‘புழக்கம் நின்றது’ என்றால், கருவியே வழக்கொழிந்தது என்றுதான் பொருள்படும். ஆகவே சமூக அளவில் பரவிய நிலைக்குப் புழக்கத்தை வைத்துக்கொள்ளலாம்.

சரி, ‘பழகமைவு’க்கு வருகிறேன்.

உருகு–உருக்கு, பெருகு–பெருக்கு போல, பழகு–பழக்கு என்று தன்வினையும் பிறவினையும் நம்மிடம் இயல்பாகவே இருக்கின்றன. நாம் கருவியைப் பழக்குகிறோம், கருவி நம்மைப் பழக்குகிறது; விளைவாக இரண்டும் ஒன்றோடொன்று பழகி ஒரு நிலையில் அமைகின்றன. ‘பழகு’ என்ற தன்வினையை எடுத்தால் யார் யாரை என்ற கேள்வி திறந்தே இருக்கும். ஒவ்வொரு ஆய்வும் தன் களத்தில் விடை தேடிக்கொள்ளலாம்.

இன்னொரு காரணம்தான் எனக்கு முதன்மையாகப் படுகிறது. பழகு + அமைவு வினைத்தொகை. பழகிய அமைவு, பழகுகின்ற அமைவு, பழகும் அமைவு என்று மூன்று காலமும் அதற்குள் மறைந்திருக்கின்றன. கோட்பாடும் இதைத்தான் வலியுறுத்துகிறது: இந்தச் செயல் ஒருநாளும் முடிவதில்லை. குழந்தை பிறந்தால், வேலை மாறினால், மென்பொருள் புதுப்பிக்கப்பட்டால் ஏற்பாடு கலைந்து மறுபடி தொடங்குகிறது. ‘-ஆக்கம்’, ‘-படுத்தல்’ என்று முடியும் சொற்களில் வேலை முடிந்துவிட்ட ஒரு தொனி இருக்கிறது. கலைவதற்குப் ‘பழகமைவுக் குலைவு’, மறுபடி அமைவதற்கு ‘மீள்பழகமைவு’ என்று எழுதிப் பார்த்தேன், நாவில் இடறவில்லை.

கருவி வாழ்வில் கலப்பதைக் கோட்பாடு நான்கு கட்டங்களாகப் பிரிக்கிறது; அவற்றுக்கும் சொல் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். முதலாவது, சந்தைப் பொருளைத் தன்னுடையதாக்குவது: கைக்கொள்ளல் போதும். இரண்டாவதற்குப் ‘பொருளாக்கல்’ என்று எழுதினால் மனிதரைப் பண்டமாக நடத்துவது என்று வாசிப்பார்கள். இங்கே பேசப்படுவது கருவிக்கு இடம் ஒதுக்குவதும் காட்சிக்கு வைப்பதும், எனவே இடங்கொள்ளல். மூன்றாவது அன்றாட நேர ஒழுங்கில் சேர்வது, அதற்கு நாள்முறையாதல். நான்காவதுதான் கடினம். உள்ளே உண்டான அர்த்தமும் பெருமையும் வெளியாரிடம் பேச்சாகவும் மதிப்பாகவும் செல்லுபடியாவது அது. ஒருவர் ‘புறங்காட்டல்’ என்று முன்வைத்திருந்தார். அது போரில் முதுகு காட்டி ஓடுவதைக் குறிக்கும் பழஞ்சொல் என்பதால் தவிர்த்துவிடலாம். ‘வெளிமதிப்பாதல்’ கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் கருத்து சிதையவில்லை.

> ஒரு சொல்லுக்கு இத்தனை மெனக்கெடல் தேவையா? ஆய்வாளர்கள் எப்படியும் ஆங்கிலத்தில்தானே எழுதப்போகிறார்கள்?

தேவை என்றே நம்புகிறேன். அன்றாடத் தொழில்நுட்பப் பயன்பாட்டை ஆராய்கிறவர்களிடம் ‘இதில் ஆராய என்ன இருக்கிறது’ என்று இன்றும் கேட்கிறார்கள். கருவியை உருவாக்கும் ஆய்வுக்குக் கிடைக்கும் மதிப்பு, அதோடு மனிதர் எப்படி வாழ்கிறார்கள் என்ற ஆய்வுக்குக் கிடைப்பதில்லை. அப்புறம் ஆய்வாளரை மதிப்பிடும் முறை. எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று தொகுக்கும் யூஜின் கார்ஃபீல்டின் அறிவியல் மேற்கோள் அட்டவணை 1964இல் வந்தது, ஓர் ஆய்வாளரை ஒரே எண்ணால் அளக்கும் ஹோர்ஹே ஹிர்ஷின் எச்-குறியீடு 2005இல். இரண்டுமே மேற்கோள் எண்ணிக்கையை நம்புகிறவை. எண்ணுகிற தரவுத்தளங்களில் ஆங்கில இதழ்களின் பங்கு மிகப் பெரிது. எண்களை மட்டும் வைத்து ஆய்வாளரை எடைபோடாதீர்கள் என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் வரைந்த அறிக்கையும், 2015இன் லெய்டன் அறிக்கையும் கேட்டுக்கொண்டன. 2019இல் வந்த ஹெல்சிங்கி முன்னெடுப்பு, பல மொழிகளில் ஆய்வு எழுதப்படுவதையே காக்க வேண்டும் என்றது.

ஆனால் அறிக்கைகள் கதவைத் திறந்தாலும், உள்ளே போக நம்மிடம் ஒருமித்த குறிச்சொல் வேண்டும். ஒரே கருத்தை நான்கு ஆய்வேடுகள் நான்கு பெயரில் எழுதினால், ஒன்றைத் தேடுபவர் மற்ற மூன்றையும் காணமாட்டார். காணாததை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. தமிழில் நேர்காணல் எடுத்து, ‘இப்பத்தான் இது கைக்குப் பழகிச்சு’ என்று பேசியவரின் வாக்கியத்தை ஆங்கிலக் கருத்துருவில் அடைத்து, பிறகு தமிழில் விளக்குகிற சுற்றுவழி இன்னொரு இழப்பு. பழகமைவு என்றால் பேசியவரின் வினைச்சொல்லே ஆய்வின் பெயரிலும் இருக்கும்.

எழும் என்று நான் எதிர்பார்க்கும் மறுப்பு ஒன்று: முதல் வாசிப்பில் ‘பழக மைவு’ என்று பிரித்துவிடக்கூடும். முதல்முறை வரும் இடத்தில் ‘பழகு-அமைவு’ என்று சிறுகோடிட்டு எழுதினால் தீரும். வினையாக வரும்போது ‘பழகமைந்தது’ என்பதைவிடப் ‘பழகி அமைந்தது’ என்று விரித்தே எழுதலாம் என்பது என் விருப்பம். பெயருக்கு ஒரு வடிவமும் வினைக்கு ஒரு வடிவமும் இருப்பது சொல்லடைவில் சிக்கலாகுமா என்று சொல்லடைவு தொகுப்பவர்கள் சொல்லுங்கள். நான்காம் கட்டத்துக்கு இதைவிடக் குறுகிய சொல் யாரிடமாவது இருந்தால், அதையும் இதே இழையில் எழுதுங்கள்.