பார்லிமென்ட்ல பெண்கள் அதிகமாகணும்னா எங்க வேலை செய்யறது?

மழைத்துளி:
நாங்க பத்து பதினஞ்சு பெண்கள் சேர்ந்து சின்ன குழுவா இயங்கிட்டு இருக்கோம். அடுத்த தேர்தலுக்குள்ள உருப்படியா ஏதாவது செய்யணும்னு ஆசை. இதுவரைக்கும் விழிப்புணர்வு கூட்டம், மேடைப்பேச்சு பயிற்சி இப்படித்தான் போகுது, ஆனா பயிற்சிக்கு வந்தவங்கள்ல ஒருத்தருக்குக்கூட எந்தக் கட்சியும் சீட் தரல, அத்தனை பேரும் ஏரியா பிரச்சனைய விரல் நுனில வச்சிருக்கறவங்க, அவங்க முகத்தைப் பாத்து என்ன சொல்றதுன்னே தெரியல. உலகம் முழுக்க சேத்துப் பாத்தாலும் எம்பிக்கள்ல நாலுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலதான் பெண்கள். இது மாறின நாடுகள்ல எப்படி மாறுச்சு?

வாக்குச்சீட்டு:
பயிற்சி தப்பில்ல தோழி, ஆனா அடைப்பு இருக்கறது பெண்கள்கிட்ட இல்ல, கட்சி வேட்பாளர் லிஸ்ட் போடற ரூம்ல. அர்ஜென்டினா 1991ல சட்டம் போட்டப்ப பெண்களுக்கு 30 சதவீதம்னு மட்டும் எழுதல, ஜெயிக்க வாய்ப்புள்ள இடத்துல வைக்கணும்னும் சேத்து எழுதினாங்க, அங்க ஓட்டு கட்சி லிஸ்டுக்குத்தான், வாங்கின ஓட்டுக்கு ஏத்த மாதிரி லிஸ்டோட மேலேர்ந்து ஆள் எடுப்பாங்க, அதனால அந்த வரிதான் உயிர், அது இல்லன்னா லிஸ்டோட அடியில கொண்டுபோய் வச்சுட்டு கணக்கு காட்டிருவாங்க. பிரான்ஸ்ல 2000ல ஆண் பெண் சமமா நிறுத்தணும்னு சட்டம் வந்துச்சு, நிறுத்தலன்னா அரசு தர்ற கட்சி நிதியில பிடித்தம், அவ்ளோதான். பெரிய கட்சிங்க பணம் போனா போகட்டும்னு ஆண்களையே நிறுத்தினாங்க, 2002ல கீழ்சபைக்கு ஜெயிச்சு வந்த பெண்கள் 12 சதவீதம் சொச்சம்!

மெக்சிகோல நடந்தத நினைச்சா இப்பவும் வயிறு எரியுது. 2009ல கோட்டால ஜெயிச்ச பெண்கள் சிலர் சபை கூடின கொஞ்ச நாள்லயே விடுப்பு கேட்டு ஒதுங்க, மாற்று உறுப்பினரா பதிவாகியிருந்த ஆண்கள் வந்து அந்த சீட்ல உக்காந்துட்டாங்க. அப்புறம் 2011ல தேர்தல் நீதிமன்றம் பெண்ணுக்கு மாற்றும் பெண்ணாத்தான் இருக்கணும்னு சொல்லுச்சு, 2014ல சரிபாதிங்கறது அரசியல் சட்டத்துலயே ஏறுச்சு, 2018 தேர்தல்ல கீழ்சபைல கிட்டத்தட்ட பாதி பெண்கள். ஓட்டைய ஒவ்வொண்ணா அடைச்சாங்க.

நடுவழி:
பெண்கள் வரணும், அதுல மாத்துக்கருத்து இல்ல. ஆனா கோட்டான்னு வந்தா திறமை பின்னாடி போயிடாதா? சீட் பெண் பேர்ல, முடிவு எடுக்கறது வீட்டுக்காரர்னு ஆயிடும்னு உண்மையாவே பயமா இருக்கு.

கடைசிபெஞ்ச்:
நடுவழி, உங்க பயம் புரியுது. ஆனா இப்ப இருக்கற ஆண் எம்பிக்கள் எல்லாரும் திறமையில மட்டுமா சீட் வாங்கினாங்க, அப்பா தொகுதி மகனுக்குன்னு போறப்ப இந்தக் கேள்விய யாரும் கேக்கறதில்லயே. பிரிட்டன்ல தொகுதி முறைதான், லிஸ்ட் கிடையாது, அங்க லேபர் கட்சி ஜெயிக்கக்கூடிய தொகுதிகள்ல ஒரு பகுதிக்கு முழுக்க பெண்கள் மட்டும் இருக்கற தேர்வுப் பட்டியல் வச்சுது, 1996ல அது செல்லாதுன்னு தீர்ப்பு வந்தும் அதுக்குள்ள தேர்வானவங்க நின்னாங்க, 1997ல அந்தக் கட்சிலேர்ந்து மட்டும் 101 பெண்கள் சபைக்குப் போனாங்க. நல்ல தொகுதி குடுத்தா ஜெயிக்கறாங்க. தோக்கற தொகுதிய குடுத்துட்டு பெண்ணால ஜெயிக்க முடியலன்னு சொல்றதத்தான் முதல்ல நிறுத்தணும்.

சாயங்காலம்:
நான் ஒரு பெண் வேட்பாளருக்கு பூத் வேலை பாத்தவ. எங்களுக்கு ரெண்டு இடத்துல இடிச்சுது. ஒண்ணு குழந்தைய யார்கிட்ட விடறது, தினமும் ராத்திரி கூட்டம், அவங்க அம்மாவுக்கு உடம்பு முடியாத அன்னிக்கு பிரச்சாரமே நின்னுபோச்சு. அமெரிக்கால 2018ல தேர்தல் கமிஷன் ஒரு வேட்பாளர் கேட்டதுக்கு பிரச்சார நிதியிலேர்ந்தே குழந்தை பராமரிப்பு செலவ எடுக்கலாம்னு அனுமதி குடுத்துச்சு, அது மாதிரி விதி வந்தாலே எத்தன பேருக்கு மூச்சு வரும். இன்னொண்ணு மிரட்டல், போன்ல வந்த அசிங்கத்தையெல்லாம் இங்க எழுத முடியாது. பொலிவியால ஒரு பெண் கவுன்சிலர் கொலையான பிறகு 2012ல அரசியல்ல இருக்கற பெண்கள துன்புறுத்தறதையே தனி குற்றமாக்கி சட்டம் போட்டாங்க. உங்க குழு வேட்பாளர் கூடவே ரெண்டு பேர எப்பவும் நிறுத்துங்க, வேட்பாளரோட போனை அவங்க கையில குடுத்துடுங்க.

மழைத்துளி:
எல்லாருக்கும் நன்றி. இந்த வாரமே ஒவ்வொரு கட்சியோட விதிமுறையயும் எடுத்து, வேட்பாளர் தேர்வுக் குழுல யார் யார் இருக்காங்க, அதுல பெண்கள் எத்தன பேர்னு குறிக்க ஆரம்பிக்கறோம். போன தேர்தல்ல பெண்களுக்கு குடுத்த தொகுதிகள்ல அதே கட்சி அதுக்கு முன்னாடி எவ்ளோ ஓட்டு வாங்குச்சுன்னும் பக்கத்துலயே போடறோம். எக்செல் தெரிஞ்சவங்க யாராவது கூட வரமுடியுமா?