ஏ.ஆர்.டி. என்கிற ஹெச்ஐவி மாத்திரை: எங்கள் அண்ணன் விஷயத்தில் நான் பார்த்தது

அண்ணனுக்கு ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் வேலை. 2018இல் டிபி என்று சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்தபோது, டிபி நோயாளிகளுக்கு வழக்கமாகச் செய்வதுபோல ஹெச்ஐவி பரிசோதனையும் செய்தார்கள். பாசிட்டிவ். முதலில் டிபி மருந்து, அது உடம்புக்கு ஒத்துக்கொண்டதும் ஏ.ஆர்.டி. மையத்தில் கூட்டு மாத்திரை. எல்லாமே இலவசம்.

அப்போது கொடுத்தது எஃபாவிரென்ஸ் சேர்ந்த மாத்திரை. ராத்திரி போட்டால் தலை கிறுகிறுக்கும், கண்டபடி கனவு வரும் என்பார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். சிக்கல் வந்தது உடம்பு தேறின பிறகுதான். இருமல் நின்று, எடை ஏறி, மிளகு சீசனில் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி ஏறுகிற அளவுக்குத் தெம்பு வந்ததும், இனி எதுக்கு என்று நிறுத்திவிட்டார். டப்பாவில் மாத்திரை குறையவே இல்லை என்று கவனித்த அண்ணி, கையோடு பஸ் ஏற்றிக் கீழே கூட்டி வந்துவிட்டார்.

மையத்து ஆலோசகர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "கிருமி போயிடலைங்கண்ணா, பெருகவிடாம மருந்து கட்டிப்போட்டிருக்கு. நிறுத்தினா சில வாரத்துலயே மறுபடி பெருகும். விட்டுவிட்டுப் போட்டீங்கன்னா அப்புறம் இந்த மருந்தே கேக்காம போயிடும்" என்றார். அண்ணன் மனதில் அது நன்றாகத் தைத்தது. பிறகு டோலுடெகிராவிர் சேர்ந்த மாத்திரைக்கு மாற்றினார்கள், ஒரு நாளைக்கு ஒன்றுதான், அந்தக் கிறுகிறுப்பும் போய்விட்டது.

ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் வைரல் லோடு பரிசோதனையில் 'கண்டறிய இயலவில்லை' என்று வந்த அன்று அண்ணி அழுதே விட்டார். கிருமி உடம்பில் இருக்கும், ஆனால் தினமும் மாத்திரை போட்டு அளவு அப்படியே இருக்கும்வரை தாம்பத்தியத்தில் மனைவிக்குத் தொற்றாது. அண்ணிக்கு இன்றுவரை நெகட்டிவ்தான். இதை ஊரில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை, ஏனென்றால் விஷயத்தைச் சொன்னதும் பல் பிடுங்க மாட்டோம் என்று ஒரு தனியார் கிளினிக்கில் அனுப்பிவிட்டார்கள். அப்படிப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2017லேயே சட்டம் வந்தாச்சு.

புதிதாக ஆரம்பித்தவர்களுக்கு: மாத்திரையை வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள், உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீர்கள், மலையில் ஈரம் ஜாஸ்தி. டோலுடெகிராவிர் போடுபவர்கள் ஜெலுசில் மாதிரி அல்சர் மருந்தையோ இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரையையோ எடுப்பதாக இருந்தால் எவ்வளவு இடைவெளி விடணும் என்று மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. நேரில் கேட்கத் தயக்கமாக இருந்தால் 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம், காசு கிடையாது.