விருந்தாளி வரும்போது பஜ்ஜி போட்ட அனுபவம் உண்டா?

மாம்பலம்வாசி:
எங்கள் வீட்டில் யார் வந்தாலும் சாப்பாட்டுக்கு முன்னால் பஜ்ஜி உண்டு. இந்தத் தடவை அடுப்படி அத்தை பொறுப்பு. கடலை மாவு ஒரு கப், அரிசி மாவு கால் கப், மிளகாய்த்தூள், உப்பு, பெருங்காயம். நான் சோடா உப்பை எடுத்ததும், "எதுக்குடி அது? எண்ணெயைக் குடிக்கிறதுக்கா?" என்று டப்பாவை வாங்கி வைத்துவிட்டார். காய்ந்த எண்ணெயிலிருந்து ஒரு சின்னக் கரண்டி எடுத்து மாவில் விட்டார், சுர்ரென்றது. மொறுமொறுப்புக்கு அது போதுமாம்.

வாழைக்காயைச் சீவியதும் தண்ணீரில் போட்டால் கறுக்காது, ஆனால் துணியில் ஒற்றிவிட்டுத்தான் மாவில் முக்க வேண்டும். இல்லையென்றால் மாவு வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். கடாயில் நாலுக்கு மேல் போட விடவில்லை. நிறையப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கிவிடும். ஈரம் வேகமாக ஆவியாகி வெளியே வந்துகொண்டிருக்கும்வரை எண்ணெய் உள்ளே அவ்வளவாகப் புகாது. சலசலப்பு அடங்க ஆரம்பித்ததும் அரித்து எடுத்துவிட வேண்டும்.

ருசியில் குறையே இல்லை. ஆனால் கூடத்தில் எல்லாரும் பேசிச் சிரிக்க, அத்தை கடைசிவரை அடுப்பை விட்டு நகரவில்லை. இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

திருவல்லிக்கேணி:
வழி மெரினாவிலேயே இருக்கிறதே! நான் வழக்கமாக நிற்கும் கடையில் அந்த அக்கா மிளகாய் பஜ்ஜியை முக்கால் வேக்காட்டில் எடுத்து அடுக்கி வைத்திருப்பார். நாம் கேட்டதும் மறுபடி எண்ணெயில் ஒரு புரட்டு. வீட்டிலும் அதையேதான் செய்கிறேன். மிளகாயைக் கீறி விதையை வழித்து, உள்ளே கெட்டிப் புளி, உப்பு, நுணுக்கிய ஓமம் தடவிவிடுவேன். ஆட்கள் வருவதற்கு முன்பே முதல் ஈடுகள் முடிந்துவிடும். அவர்கள் உட்கார்ந்த பிறகு, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் ஒரு நிமிஷம்தான். நானும் தட்டோடு கூடத்துக்கு வந்துவிடுவேன்.

மயிலாப்பூர் மாமி:
மிளகாய், வாழைக்காய், உருளைக்கிழங்குக்கு இது சரி. கத்தரிக்காய் தொளதொளத்துவிடும், அப்பளம் நமுத்துப்போகும். அவற்றை அப்போதைக்கப்போதுதான் போட வேண்டும். அப்புறம், கடைக்காரர் மாதிரி பேப்பரில் வைத்துப் பிழியாதீர்கள். அச்சு மை சாப்பாட்டில் ஏறும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2016-இல் எச்சரித்தது. வடிதட்டில் போட்டாலே எண்ணெய் இறங்கிவிடும்.