மறுமொழி: வீகன் – நனிசைவமா, வேறு சொல்லா?

அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் 'வீகன்' என்பதற்குத் தமிழில் ஒரே ஒரு சொல் கேட்டேன் (இறைச்சி மட்டுமல்ல, பால், முட்டை, தோல் என்று விலங்கிடமிருந்து வரும் எதுவும் வேண்டாம் என்பவர்தான் வீகன்). குழுவில் பாதிப் பேர் இன்னும் கோபமாக இருக்கிறீர்கள். எல்லா மடல்களையும் படித்தாயிற்று. தனித்தனியாகப் பதில் போடாமல் இங்கேயே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை நினைவூட்ட வேண்டும். நான் மொழிபெயர்க்கும் கட்டுரை பிரிட்டனைப் பற்றியது. அங்கே வீகன்கள் பெருகப் பெருக மற்றவர்கள் அவர்களை எந்தக் கண்ணால் பார்க்கிறார்கள் என்பதுதான் அதன் பேச்சு. அகராதிக்குச் சரியான சொல் இந்தக் கட்டுரைக்குச் சரிவராமல் போகலாம்.

> நனிசைவம் என்று விக்கிப்பீடியாவிலேயே இருக்கிறதே. எதற்குப் புதிதாக?

இருக்கிறது ஐயா, அழகான சொல்லும்கூட. 'மிக' என்று பொருள்படும் 'நனி' போன்ற பழஞ்சொல்லுக்கு ஒரு வேலை கிடைத்ததே என்று எனக்கும் மகிழ்ச்சிதான். என் சிக்கல் பின்பாதியில் இருக்கிறது. சைவம் என்றால் சமயம் என்ற வாதத்தை நான் எடுக்கவில்லை. 'தவக்காலம், நான் சைவம்' என்று கிறித்தவ நண்பர்கள் கூசாமல் சொல்வதை அக்கா சுட்டிக்காட்டினார், சரிதான். தமிழ்நாட்டுப் பேச்சில் சமயம் உதிர்ந்துவிட்டது. உதிராமல் ஒட்டிக்கொண்டிருப்பது மேல்–கீழ். 2014இல் இந்திய அரசின் மாதிரிப் பதிவுமுறைக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 விழுக்காட்டுக்கும் மேலானோர் இறைச்சி, மீன் உண்பவர்கள் என்றது. அத்தனை பேர் சாப்பாட்டுக்கும் நம்மிடம் உள்ள பெயர், சைவத்துக்கு முன்னால் ஓர் 'அ' ஒட்டிய எதிர்மறைச் சொல்! நூற்றில் மூன்று பேர் உண்பதற்குப் பெயர் இருக்கிறது, மற்றவர்கள் உண்பது அந்தப் பெயரின் இன்மை. வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு 'சைவம் மட்டும்' என்ற பலகையின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

பிரிட்டனில் இது தலைகீழ். அங்கே கறி தின்பதுதான் பெயர் தேவைப்படாத இயல்பு, தின்னாதவரே விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். மேத்யூ கோல், கேரன் மார்கன் என்ற இரு சமூகவியலாளர்கள் 2007ஆம் ஆண்டின் பிரிட்டன் தேசிய நாளிதழ்களைத் துழாவி, வீகன் பேச்சு வந்த 397 கட்டுரைகளை எடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ முக்கால் பங்கில் எதிர்மறைத் தொனி. துறவி வேடம், ஊரோடு ஒட்டாத மோகம், கடைப்பிடிக்க முடியாத பட்டினி, அழுமூஞ்சித்தனம், வம்புக்கு வருகிறவர்கள் என்று பல வகை. அப்படிப்பட்டவரை 'நனிசைவர்' என்று நான் எழுதினால் தமிழ் வாசகர் என்ன நினைப்பார்? சைவருக்கும் மேலே ஒரு படி, மகா ஆசாரம் என்றுதான். அங்கே கேலிக்கு ஆளாகிறவரை இங்கே பீடத்தில் ஏற்றிவிடுவேன். கட்டுரையே கவிழ்ந்துவிடும்.

> கோல், மார்கன் இருவரும் ஆண்ட 'வீகஃபோபியா' என்ற சொல்லுக்குச் 'சைவ வெறுப்பு' அல்லது 'சைவ அச்சம்' என்று போடலாம்.

தம்பி, 'சைவநெறி' என்ற பெயரில் பள்ளிப் பாடநூல் இருக்கும் இலங்கையில் 'சைவ வெறுப்பு' என்று அச்சானால் வேறு வழக்கே ஆகிவிடும். அது போகட்டும். ஃபோபியா என்று முடிவதாலேயே அச்சம், மிரட்சி என்று நம் கை தானாகப் போகிறது. ஆனால் அவர்கள் காட்டும் மனநிலையில் பயம் குறைவு, நக்கல்தான் அதிகம். 2018இல் ஒரு பேரங்காடியின் உணவு இதழாசிரியர், வீகன் சமையல் தொடர் எழுத வாய்ப்புக் கேட்ட பெண்ணுக்கு, வீகன்களை ஒவ்வொருவராகக் கொல்வது பற்றி ஒரு தொடர் போடலாமே என்று பதில் எழுதி, அது வெளியில் வந்து பதவி விலகினார். நகைச்சுவை என்று நினைத்துத்தான் எழுதியிருக்கிறார். இதற்குத் தமிழில் ஏற்கெனவே பொருத்தமான சொல் இருக்கிறது: இளக்காரம். எனவே 'வீகன் இளக்காரம்'. 'காழ்ப்பு' வேண்டும் என்பவர்கள் எழுதுங்கள், ஆனால் காழ்ப்பில் உள்ள கசப்பு இதில் இல்லை என்பது என் எண்ணம்.

> வீகன் என்பதே சுருக்கி உண்டாக்கிய சொல்தானே? நாமும் அப்படிச் செய்தால் என்ன?

செய்து பார்த்தேன்! கதை தெரியாதவர்களுக்கு: 1944 நவம்பரில் டொனால்ட் வாட்சனும் சிலரும் பாலும் முட்டையும் வேண்டாம் என்று தனியாகப் பிரிந்தபோது அவர்களுக்குப் பெயர் இல்லை. முதல் செய்தி மடலிலேயே நல்ல பெயர் இருந்தால் சொல்லுங்கள் என்று வாசகரைக் கேட்டார் வாட்சன் (நம் குழு போலத்தான்). டெய்ரிபான், வைட்டன், பெனிவோர் என்றெல்லாம் வந்தன. நின்றது, வெஜிடேரியன் என்பதன் தலையையும் வாலையும் ஒட்டிய வீகன்.

சரி, வெஜிடேரியனுக்கு யாழ்ப்பாணத்து அண்ணா சொன்ன 'மரக்கறி'யை எடுத்துக்கொள்வோம். சாதி வாடை, கோயில் வாடை இல்லாத சொல், கட்டுரையில் அதைத்தான் ஆளப்போகிறேன். அதன் தலை 'ம', வால் 'றி'. ஒட்டினால் மறி. மறி என்றால் ஆட்டுக்குட்டி! சங்கப் பாட்டில் வேலன் வெறியாடும்போது வெட்டுப்படுகிற அதே மறி. பலியாகிற குட்டியின் பெயரையே, அதைத் தின்ன மறுப்பவருக்கு வைப்பதா? இரண்டு நாள் இந்த ஆசை என்னை விடவில்லை. அப்புறம் வீட்டில் கேட்டுச் சிரித்தார்கள், விட்டுவிட்டேன்.

> உணவில் பால் இல்லை என்பதுதானே வேறுபாடு. 'பாலிலி' என்று முடித்துவிடலாமே.

இரண்டு தடைகள். நம் மொழியில் பால் மாட்டோடு நிற்பதில்லை. தேங்காய்ப்பால், கள்ளிப்பால், எருக்கம்பால், ரப்பர் பால் என்று வெள்ளையாக வடிவதெல்லாம் பால்தான். சோயாச்சாற்றைப் பால் என்று விற்கக் கூடாது என 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, சொதி வைக்கிற நம் சமையலறைகளுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். தேங்காய்ப்பாலுக்கு அங்கேயும் விலக்கு உண்டு என்பது தனிக்கதை. இந்தச் சொல்லை வைத்துக்கொண்டால் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் பாலிலியா, இல்லையா?

இரண்டாவது தடை பெரியது. இது உணவோடு முடிகிற கொள்கை இல்லை. தேனும் கூடாது, பட்டும் கம்பளியும் தோலும் கூடாது. பழனிப் பஞ்சாமிர்தத்தில் தேனும் நெய்யும் இருக்கின்றன, காஞ்சிபுரத்துச் சேலை புழுவின் கூடு, மிருதங்கத்துக்கு இரண்டு பக்கமும் தோல். சுத்த சைவமான கல்யாண வீட்டில் இந்த மூன்றும் இருக்கும், யாருக்கும் உறுத்தாது. வீகன் வாசலிலேயே நின்றுவிடுவார். சைவத்தை எத்தனை மடங்கு 'நனி'யாக்கினாலும் அந்த இடத்துக்குப் போய்ச் சேராது.

2020 சனவரியில் இங்கிலாந்தில் ஜோர்டி காசமிட்ஜானா என்பவர் தொடுத்த வழக்கில், அறத்தின் பேரில் வீகனாக இருப்பது சட்டப் பாதுகாப்புப் பெறத்தக்க மெய்யியல் நம்பிக்கை என்று வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் ஏற்றது. அதைப் படித்த பிறகுதான் 'உணவு' என்ற சொல்லை விட்டுவிட்டு 'நெறி'யைப் பிடித்தேன்.

ஆகவே என் சொல்: கொள்ளாநெறி. கொல்லாநெறி நமக்குப் பழகியது. உயிரைக் கொல்லாததோடு நில்லாமல் அதனிடமிருந்து எதையும் கொள்ளாமலும் இருப்பது கொள்ளாநெறி. பால், தேன், பட்டு, தோல் எல்லாம் ஒரே வினையில் அடங்கிவிடுகின்றன. ஆள், கொள்ளாநெறியர்.

குறைகளையும் நானே சொல்லிவிடுகிறேன். ல, ள ஓர் எழுத்து வேறுபாடு, அச்சுப்பிழை நிச்சயம். பேச்சில் இரண்டையும் ஒன்றாக ஒலிப்பவர்கள் பாதித் தமிழ்நாடு. 'பெட்டி கொள்ளாது' என்ற வழக்கும் குறுக்கே வரும். எல்லாவற்றுக்கும் மேல், நாகர்கோவில் பக்கம் 'கொள்ளாம்' என்றால் நல்லா இருக்கிறது என்று பொருள். அந்த ஊர்க்காரர் கொள்ளாநெறி என்று கேட்டால் 'உருப்படாத நெறி' என்று நினைத்துக்கொள்வாரோ! நம் குழுவின் குமரி நண்பர் இன்னும் வாய் திறக்கவில்லை, எனக்கு அந்தப் பதில்தான் முக்கியம்.

கடைச் சரக்குக்கு இந்தச் சொல் ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். 'கொள்ளாநெறி ஐஸ்கிரீம்' யாரும் வாங்க மாட்டார்கள். இந்தியாவில் 2022 முதல் வீகன் உணவுக்கென்று தனி விதிகளும் பச்சை நிற 'வி' முத்திரையும் வந்துவிட்டன. பொட்டலத்தில் வீகன் என்றே இருக்கட்டும். பிரிட்டனில்கூட வீகன் என்று எழுதினால் சிலர் முகம் சுளிக்கிறார்கள் என்று 'தாவரத்திலிருந்து செய்தது' என்ற பொருளில் வேறு சொல் போட்டு விற்கிறார்கள். அதற்குத் 'தாவரவழி' போதும்.

கட்டுரையில் மனிதரையும் கொள்கையையும் சொல்லும் இடங்களில் கொள்ளாநெறி, இளக்காரம் வரும் இடத்திலும் பொருட்களுக்கும் வீகன் என்று திருத்திக்கொண்டிருக்கிறேன். இதழுக்கு வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
கேட்டு மாட்டிக்கொண்டவன்