"ஏசப்பா"ன்னு பொசுக்குனு வாய்ல வர்றது பாவமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

செல்லூர் டெய்லர் அக்கா:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் செல்லூர்ல வீட்டுலயே ப்ளவுஸ் தைக்கிறேன். பொறந்த வீடு இந்து, சிஎஸ்ஐ குடும்பத்துல கல்யாணமாகி வந்து ஞானஸ்நானம் எடுத்தேன். சின்னதுலருந்து எதுக்கெடுத்தாலும் "முருகா"ன்னு கூப்புட்டு பழகின வாயி, இப்ப அது "ஏசப்பா"ன்னு மாறிருச்சு, பால் பொங்குனாலும் ஏசப்பா, ஊசி விரல்ல ஏறுனாலும் ஏசப்பா. போன வாரம் எங்க அத்தை கூப்புட்டு உக்கார வச்சு, கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதேன்னு கட்டளை இருக்கு, நீ ஒரு நாளைக்கு எத்தன தடவ அத மீறுறன்னு தெரியுமான்னு கேட்டாங்க. கோவத்துல கேக்கல, என் மேல உள்ள அக்கறைலதான். ஆனா யாத்திராகமம் 20:7 எடுத்து பாத்தா "தண்டியாமல் விடார்"னு வேற முடியுது, அன்னைலருந்து எனக்கு வாய தொறக்கவே பயமா இருக்கு. நெசமாவே இதுதான் அந்த பாவமா?

திருமங்கலம் சண்டே கிளாஸ் டீச்சர்:
தங்கச்சி, மொதல்ல பயப்படாதீங்க. அந்த வசனத்துல "வழங்குறது"ன்னு நம்ம பைபிள்ல இருக்கே, மூல மொழியான எபிரேயத்துல அதுக்கு "நாசா"ங்கிற வார்த்தை இருக்கு, தூக்குறது, சுமக்குறதுன்னு அர்த்தம். வீண்ங்கிற எடத்துல "ஷாவ்"னு இருக்கு, வெறுமைங்கிறதும் அதுதான் பொய்ங்கிறதும் அதுதான். இதே "ஷாவ்" உபாகமம் 5:20ல மறுபடி வருது, எங்கன்னா பொய்ச்சாட்சி சொல்லாதேங்கிற கட்டளைல. அப்ப கர்த்தரோட பேர தூக்கிட்டு வந்து பொய்க்கு முட்டு குடுக்குறதத்தான் அந்த கட்டளை மொதல்ல புடிக்குது. லேவியராகமம் 19:12ம் என் நாமத்தைக்கொண்டு பொய்யாணை இடாதீங்கன்னு நேராவே சொல்லுது. யூதருங்க இன்னும் ஒரு படி மேல போயி எபிரேயத்துல நாலெழுத்தா இருக்குற கடவுளோட பேர (யாவேன்னு சொல்றாங்களே, அது) உச்சரிக்குறதையே விட்டுட்டு, ஆண்டவர்ங்கிற அர்த்தத்துல அதோனாய்னு வாசிக்கிறாங்க, நம்ம தமிழ் பைபிள்ல அந்த எடத்துலதான் "கர்த்தர்"னு போட்டுருக்கு. ஆனா ஏசுவோட சீஷர் பேதுரு தண்ணில முங்குறப்ப "ஆண்டவரே"ன்னு கத்துனாரே, ஏசு கை நீட்டி தூக்கித்தான விட்டாரு, ஏன்டா கூப்புட்டன்னு கேக்கலையே. ஊசி குத்துனப்ப நீங்க கூப்புடுறதும் அந்த ஜாதிதான்.

கீழவாசல் கத்தோலிக்கன்:
டீச்சர் சொன்னது சரிதான், ஆனா அத்தைய அப்பிடியே ஓரங்கட்டிறாதீங்கக்கா. எங்க சபைல பொய்யாணை மட்டுமில்ல, மரியாதையில்லாம சும்மா சும்மா அந்த பேர இழுக்குறதையும் இந்த கட்டளைலதான் சேத்து சொல்லிக்குடுப்பாங்க. (எங்களுக்கும் லுத்தரன்காரவுகளுக்கும் இது ரெண்டாவது கட்டளை, உங்களுக்கு மூணாவது, சிலை வணங்காதேங்கிறத நாங்க மொதல் கட்டளையோட சேத்துக்குறதால வர்ற வித்தியாசம், பைபிள் ஒன்னுதான்.) எங்க அப்பத்தா பூசைல ஏசுன்னு பேரு வந்தா தலைய லேசா தாழ்த்தும், அந்த மரியாதை போயிரக்கூடாதுன்னுதான் உங்க அத்தையும் நெனைக்கிறாங்க. கூப்புட்டதும் ஒரு நொடி நின்னு அவர நெனைங்க, அப்பறம் அது ஜெபமா ஆயிரும்.

மேலூர்க்காரன்:
எனக்கு இதுல சொல்ல வேண்டியது ஒன்னு இருக்கு. எங்க பக்கம் ஒருத்தரு சீட்டு புடிச்சாரு, பேரு வேணாம், ஒவ்வொரு ஏலத்துக்கும் முன்னாடி ஜெபம் பண்ணுவாரு, கர்த்தர் சாட்சியா ஒத்த ரூவா தப்பாதும்பாரு, அந்த வார்த்தைக்காகத்தான் நாங்க நோட்டுல கையெழுத்து கூட கேக்கல. ஒருநா வீட்ட பூட்டிட்டு போயிட்டாரு. என் பணம் எழுபதாயிரம், அது போகட்டும். சீட்டு போட்டதுல பாதிப்பேரு கோயில் கும்புடுறவுக, அவுக வாசல்ல நின்னு "வேதக்காரவுக சத்தியமே இம்புட்டுத்தானா"ன்னு கேட்டாக பாருங்க, எனக்கு நெஞ்சு அத்துருச்சு. ரோமர் 2:24ல பவுல் சொல்றாரே, உங்களாலதான் தேவனோட நாமம் புறஜாதிகளுக்குள்ள தூஷிக்கப்படுதுன்னு, அத அன்னைக்குத்தான் நேர்ல பாத்தேன். கூப்புட்டவன விட, அந்த பேர அடமானம் வச்சவன்தான் வீணிலே வழங்குனவன்.

ஒத்தக்கடை வக்கீல் குமாஸ்தா:
நம்ம மதுரை ஹைகோர்ட் கிளைக்கு பக்கத்துலதான் இருக்கேன், அதனால இத சொல்றேன். கூண்டுல ஏறி கடவுள் மேல ஆணையிட மனசு வரலன்னா உறுதிமொழி மட்டும் குடுக்கலாம், 1969 சத்தியப்பிரமாண சட்டத்துல அதுக்கு எடமிருக்கு. மத்தேயு 5ல பரிச்சேதம் (அதாவது அறவே) சத்தியம்பண்ண வேண்டாம், உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கன்னு ஏசு சொன்னத அப்பிடியே எடுத்துக்கிட்டு ஆணையே இடாத விசுவாசிங்க உண்டு, கோர்ட்டுல இடுறது தப்பில்லங்குற சபைகளும் உண்டு. ஆனா வீட்டுலயும் கடையிலயும் "ஏசப்பா சத்தியமா"ன்னு சொல்றதுக்கு யாருகிட்டயும் சாக்கு கெடையாது.

செல்லூர் டெய்லர் அக்கா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மேலூர் அண்ணே, நீங்க எழுதுனத அத்தைக்கு வாசிச்சு காமிச்சேன், ரொம்ப நேரம் பேசவே இல்ல. கடைசில சொன்னவுகளுக்குத்தான் நான் ஒன்னு ஒத்துக்கணும். "ஏசப்பா சத்தியமா நாளைக்கு ரெடி"ன்னு முடியாதுன்னு தெரிஞ்சே எத்தனையோ பேர்கிட்ட சொல்லிருக்கேன், ஊசி குத்துனதுக்கு பயந்தேனே தவிர அதுக்கு ஒருநாளும் பயந்ததில்ல. புதன்கிழமை குடுக்குறதா சொன்ன ப்ளவுஸ் ஒன்னு இன்னும் வெட்டவே இல்ல, இப்பத்தான் அவங்களுக்கு போன் பண்ணி வெள்ளிக்கெழமதான் ஆகும்னு சொன்னேன்.