நோ-ஹிட்டர், பெர்ஃபெக்ட் கேம்: 'சேரடி' என்ற சொல்லை முன்வைக்கிறேன்

நண்பர்களுக்கு வணக்கம்.

பேஸ்பாலில், எதிரணிக்கு ஒரு 'ஹிட்'டும் கொடுக்காத ஆட்டம் நோ-ஹிட்டர்; எதிரணியில் ஒருவரையும் தளம் சேரவிடாத ஆட்டம் பெர்ஃபெக்ட் கேம். நோ-ஹிட்டருக்கு 'அடியிலா ஆட்டம்', பெர்ஃபெக்ட் கேமுக்கு 'முழுநிறை ஆட்டம்' என்ற பரிந்துரைகளைப் பார்த்தேன். சொல்லழகு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிஜ ஆட்டத்தில் பொருத்திப் பார்த்தால் இரண்டும் நிற்கவில்லை.

1959 மே 26, மில்வாக்கி கவுன்ட்டி ஸ்டேடியம். பிட்ஸ்பர்க் பைரட்ஸின் இடக்கை எறிவாளர் ஹார்வி ஹாடிக்ஸ் சளிக்காய்ச்சலோடு களமிறங்கி, மில்வாக்கி பிரேவ்ஸின் 36 பேரை (ஒரே ஆள் மறுபடி வந்தாலும் தனிக்கணக்கு) வரிசையாக வெளியேற்றினார். 12 இன்னிங்ஸ் முடிந்தும் ஒருவர்கூட முதல் தளத்தில், அதாவது ஓட்டம் எடுக்க முதலில் தொட வேண்டிய இடத்தில், கால் வைக்கவில்லை. அந்த 36 பேரில் ஸ்ட்ரைக் அவுட் ஆனவர்கள், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேறியவர்கள், 8 பேர்தான். மீதி 28 பேரும் பந்தை அடித்தார்கள். தடுப்பாளர்கள் அதைப் பிடித்தார்கள், அல்லது எடுத்து முதல் தளத்துக்கு எறிந்தார்கள். 'அடியிலா' என்று சொன்னால் இந்த 28 அடிகளை எங்கே வைப்பது? கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நம் வாசகர், மட்டையில் பந்து படவே இல்லை என்றுதான் புரிந்துகொள்வார்.

பேஸ்பாலில் 'ஹிட்' என்பது வெறும் அடி இல்லை. அடித்தவர், எதிரணியின் பிழை எதுவும் கைகொடுக்காமல், தளம் போய்ச் சேர்ந்தால்தான் அது ஹிட். 'பலித்த அடி' என்பது நல்ல தமிழ்தான். ஆனால் அதைச் சுருக்கினால் 'பலியடி' ஆகிவிடும். தான் அவுட் ஆனாலும் தளத்தில் நிற்பவரை முன்னேற்ற பந்தை மெல்லத் தட்டும் ஸாக்ரிஃபைஸ் பண்ட் என்ற வேறொன்று அந்த இடத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அதனால் 'சேரடி' என்கிறேன். ஊறுகாய், விளைநிலம் போல வினைத்தொகை. 'கேளடி', 'பாரடி' மாதிரி ஒரு பெண்ணைக் கூப்பிடுவதுபோல ஒலிக்கிறதே என்று கேட்பீர்கள். தனியாக நின்றால் அப்படித்தான். 'மூன்று சேரடிகள்', 'சேரடி எடுத்தார்' என்று வாக்கியத்தில் வரும்போது அந்தக் குழப்பம் வராது. நோ-ஹிட்டர் 'சேரடியிலா ஆட்டம்'. பெர்ஃபெக்ட் கேம் 'தளம்சேரா ஆட்டம்'. 'முழுநிறை' என்பது பாராட்டு. என்ன நடந்தது என்று அது சொல்வதில்லை.

இந்த இரண்டு சொற்களும் தனித்தனியே தேவை என்பதை 13-வது இன்னிங்ஸ் காட்டுகிறது. பிரேவ்ஸின் ஃபீலிக்ஸ் மன்டில்லா அடித்த பந்தை எடுத்த மூன்றாம் தளக்காரர் டான் ஹோக், முதல் தளத்துக்குத் தவறாக எறிந்தார். மன்டில்லா தளம் சேர்ந்துவிட்டார். 'தளம்சேரா' அங்கேயே முடிந்தது. ஆனால் அது பிழையால் கிடைத்த தளம், சேரடி இல்லை. ஆகவே 'சேரடியிலா' இன்னும் உயிரோடு இருந்தது. எடி மேத்யூஸ் தன்னைப் பலிகொடுத்துத் தட்டி அவரை இரண்டாம் தளத்துக்கு நகர்த்தினார். ஹாங்க் ஆரனை வேண்டுமென்றே முதல் தளத்துக்கு நடக்க விட்டார்கள். அடுத்து வந்த ஜோ அட்காக், பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பினார். ஹாடிக்ஸ் அன்று கொடுத்த ஒரே சேரடி அதுதான். பந்து வேலியைத் தாண்டவில்லை என்று நினைத்த ஆரன், மன்டில்லாவின் ஓட்டத்தோடு ஆட்டம் முடிந்துவிட்டதென்று பாதியில் விலகிப்போக, அட்காக் அவரைக் கடந்து ஓடிவிட்டார். விதிப்படி அட்காக் அவுட். ஹோம் ரன் இரண்டு தள அடியாகக் குறைந்தது. முதலில் 2-0 என்று இருந்த கணக்கை நேஷனல் லீக் தலைவர் வாரன் ஜைல்ஸ் 1-0 என்று முடிவுசெய்தார்.

எதிர்ப்பக்கம் பிரேவ்ஸின் எறிவாளர் லூ பர்டெட் 13 இன்னிங்ஸில் 12 சேரடிகள் கொடுத்தார், ஓட்டம் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. வெற்றி அவருக்கு! சேரடியும் ஓட்டமும் எவ்வளவு விலகி நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், 'ஆட்டம்' என்ற பின்னொட்டு. 1991-ல் மேஜர் லீக் பேஸ்பால் நோ-ஹிட்டரின் வரையறையை இறுக்கியது: குறைந்தது 9 இன்னிங்ஸ், ஆட்டம் முடியும்வரை ஒரு ஹிட்டும் இருக்கக் கூடாது. ஹாடிக்ஸின் பெயர் பட்டியலிலிருந்து போயிற்று. 1917-ல் சிகாகோவில் 9 இன்னிங்ஸ் தாங்கிப் பத்தாவதில் தோற்ற எறிவாளர் ஹிப்போ வானின் பெயரும் அப்படியே. எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் கலைச்சொல் விதியோடுதான் போக வேண்டும். ஆகவே முழு ஆட்டத்துக்கு 'தளம்சேரா ஆட்டம்', இடையில் நிகழ்ந்த தொடருக்கு 'தளம்சேரா எறிவு' என்று பிரித்துவைப்போம். அப்போது 'ஹாடிக்ஸ் 12 இன்னிங்ஸ் தளம்சேரா எறிவு நிகழ்த்தினார்' என்று எழுதலாம். விதியும் மீறப்படாது, அந்த 36 பேரும் கணக்கிலிருந்து காணாமல் போக மாட்டார்கள்.

அந்த ஒரே ஓட்டம், ஹோக்கின் பிழையால் தளம் சேர்ந்தவர் எடுத்தது. எறிவாளர் கணக்கில் அது ஏறாது. இந்த அன்-ஏர்ன்டு ரன்னுக்கு 'ஈட்டா ஓட்டம்' என்று வைத்திருக்கிறேன். ஆனால் யார் ஈட்டாதது என்பது அதில் தெளிவாக இல்லை. 'பிழைவழி ஓட்டம்' மேலா? உங்கள் கருத்து வேண்டும்.